கோடையில் மீன் தொட்டித் தண்ணீரைக் குறைந்த செலவில் குளிர வைக்கும் வழிகள்

சேலம், நாமக்கல் பகுதியில் வீட்டுக் கொல்லையிலும் தோட்டத்துச் சாளையை ஒட்டியும் சிமெண்ட் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கப்பி, மோலி, பிளாட்டி, ஃபைட்டர், கோல்டு ஃபிஷ், கோய் கெண்டை என்று ஆளுக்கு இரண்டு மூன்று வகை வைத்திருப்பார்கள். மாசி வரை ஒன்றும் தெரியாது. பங்குனி பாதி தாண்டியதும் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பிக்கும். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு, காலையில பாத்தா பாதி மீன் மெதக்குதுங்க" என்பதுதான் பெரும்பாலும் முதல் வாக்கியம். என்ன மருந்து போடலாம் என்பது அடுத்த கேள்வி.

இதில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து தேவையில்லை. மீனுக்கு வந்தது நோய் அல்ல, சூடு. அதிலும் சூடு நேராக மீனைக் கொல்வது குறைவு. சூடான தண்ணீரில் பிராணவாயு தங்காது, அதனால்தான் மீன் சாகிறது. சாவு மதியம் வெயிலில் நடக்காமல் விடியற்காலையில் நடப்பதற்குக் காரணமும் அதுவே.

25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் சுமார் 8.2 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் இது 7.5 ஆகவும், 35 டிகிரியில் 6.9 ஆகவும் குறையும். அதே நேரத்தில் மீனின் உடல் இயக்கம் வேகமாகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் பிராணவாயுத் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வரவு குறைந்து செலவு கூடுகிற கணக்கு இது. இதோடு தொட்டியில் உள்ள பாசி பகலில் பிராணவாயுவை விட்டு, இரவில் அதையே உறிஞ்சும். பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் அதிகாலை 3 மணி முதல் 6 மணி வரைதான் கையிருப்பு மிகவும் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அடையாளம்.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதில் ஒரு பங்குதான் நஞ்சு. நம் பகுதி போர்வெல் தண்ணீரைப் போல் கார அமிலத் தன்மை 8 என்ற அளவில் இருக்கும் தண்ணீரில், 25 டிகிரியில் 100 பங்கு அம்மோனியாவில் 5 பங்கு நஞ்சாக இருக்கும். 32 டிகிரியில் அதே தண்ணீரில் 8 பங்குக்கு மேல் போய்விடும். மார்ச் மாதத்தில் சமாளித்த அதே அழுக்குத் தொட்டி மே மாதத்தில் மீனைக் கொல்வது இதனால்தான்.

முதலில் வெயிலைத் தடுக்க வேண்டும்

தொட்டியைக் குளிர வைப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன், அது சூடேறாமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு. 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி தண்ணீர் ஆழம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 1,360 லிட்டர் தண்ணீர் இருக்கும். உச்சி வெயில் நேராக அதன்மேல் விழுந்தால், கணக்குப்படி மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறும். 11 மணி முதல் 3 மணி வரை என்றால் 4 டிகிரி. காலையில் 29 டிகிரியாக இருந்த தண்ணீர் மதியம் 33 ஆகிவிடும். 75 சதவீத நிழல்வலை போட்டால் இந்த ஏற்றத்தில் நான்கில் மூன்று பங்கு நின்றுவிடும்.

நிழல்வலையைத் தொட்டியின் விளிம்பிலேயே கட்டிவிடுபவர்களைப் பார்க்கிறேன். அது தவறு. வலை தண்ணீரை ஒட்டி இருந்தால் காற்று ஓடாது, கீழே புழுக்கம் தங்கிவிடும். 6 அல்லது 7 அடி உயரத்தில் பந்தலாகக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். மேற்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் தாழ்த்தி இறக்கிவிட்டால் மாலை வெயிலும் அடிக்காது. தென்னந்தோப்பு உள்ளவர்கள் வலைக்குப் பதிலாகப் பந்தல் மேல் தென்னங்கீற்று பரப்பலாம். என் அனுபவத்தில் வலையைவிடக் கீற்று குளிர்ச்சி. ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும், உதிரும் சருகு தண்ணீரில் விழாமல் பார்க்க வேண்டும்.

வேப்பமரத்து நிழலில் தொட்டி வைப்பது நல்லதுதான். ஒரு எச்சரிக்கை: கோடையில் வேப்பம்பூ கொட்டும் காலத்தில் தொட்டி முழுக்கப் பூவாகிவிடும். அது அழுகினால் இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும். அந்த மாதம் மட்டும் மேலே கொசுவலை ஒன்று கட்டிவிடுங்கள்.

தொட்டியின் வெளிப்புறச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது ஒரு நாள் வேலை. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் கோடைக்கு முன் கொட்டகைக் கூரைக்கு வெள்ளை அடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். உள்புறம் அடிக்கக் கூடாது. சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து காரத்தன்மையை ஏற்றிவிடும், அம்மோனியா நஞ்சும் கூடும். புதிதாகத் தொட்டி கட்டப் போகிறவர்கள் பாதி உயரத்தைத் தரைக்குள் இறக்கிக் கட்டினால், சுற்றியுள்ள மண்ணே சூட்டை வாங்கிக்கொள்ளும். கறுப்புத் தார்ப்பாய்த் தொட்டி வைத்திருப்பவர்கள், வெளிச்சுவரைச் சாக்கு கொண்டு மறைத்து அதை நனைத்து வைப்பது நல்லது.

மண்பானை செய்வதைத் தொட்டியிலும் செய்யலாம்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பானைச் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. எவ்வளவு சூட்டை என்பதைத்தான் நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், 100 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 6 டிகிரி குறைக்கக்கூடிய சூடு அதோடு போய்விடும். மேலே சொன்ன 1,360 லிட்டர் தொட்டியை 3 டிகிரி குறைக்க 7 லிட்டர் ஆவியானால் போதும்.

ஐஸ் பாட்டிலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டிலைப் போட்டால், அது முழுதும் உருகிச் சூடாகும் வரை 100 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரிதான் குறைக்கும். அதே 1,360 லிட்டர் தொட்டிக்கு 3 டிகிரி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 40 பாட்டில் வேண்டும். எந்த வீட்டு ஃப்ரிட்ஜும் இதற்குத் தாங்காது.

ஆவியாக்கிக் குளிர வைப்பதில் நம் பகுதிக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. இங்கே கோடைக் காற்று வறண்டது. மதியம் 38 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தால், ஆவியாதல் மூலம் தண்ணீரை 24 டிகிரி அருகில் வரை கொண்டுபோக இயற்கை இடம் தருகிறது. சென்னைக் கடற்கரையில் வெயில் 35 டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 29 டிகிரிக்குக் கீழே இறங்காது. சென்னையில் மீன் வளர்க்கும் உறவினர் "ஃபேன் வெச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல" என்று சொன்னால், அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. நமக்கு அது பொருந்தாது.

உங்கள் தோட்டத்தில் எவ்வளவு இறங்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சாதாரணக் கண்ணாடி வெப்பமானியின் குமிழில் ஈரப் பஞ்சையோ பழைய வேட்டித் துணியையோ சுற்றி, நிழலில் விசிறிக் காற்றில் பத்து நிமிடம் வையுங்கள். அது காட்டும் அளவுதான் அந்த நேரத்துக்கு உங்கள் ஊரின் எல்லை. அதற்குக் கீழே விசிறியாலோ ஈரச்சாக்காலோ தண்ணீர் இறங்காது. நடைமுறையில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி மேலேயே நிற்கும். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால், எதற்குப் பணம் செலவழிக்கலாம் என்பது தெளிவாகிவிடும்.

தொட்டியில் இதைச் செய்ய நான் பரிந்துரைப்பது மிகவும் எளிய அமைப்பு. 20 வாட் அளவுள்ள சிறிய நீர்மூழ்கிப் பம்பு ஒன்று. அதிலிருந்து ஒரு குழாய் 4 அடி உயரத்துக்குப் போக வேண்டும். மேலே படுக்கைவாட்டில் ஒரு பிவிசி குழாய், அதில் வரிசையாகச் சிறு துளைகள். துளைகளிலிருந்து விழும் தண்ணீர், பழைய நிழல்வலையை நாலைந்து மடிப்பாகத் தொங்கவிட்ட திரையில் வழிந்து தொட்டிக்கே திரும்ப வேண்டும். மெல்லிய படலமாக வழிந்தால்தான் காற்று படும். தாரையாக விழுந்தால் பயன் பாதிதான்.

இதைப் பகலைவிட இரவில் ஓட்டுவதுதான் லாபம். இரவு 8 மணிக்குப் போட்டு காலை 7 மணிக்கு நிறுத்துங்கள். இரவில் வெயில் இல்லை, காற்றும் குளிர்ந்திருக்கும், தண்ணீர் 25 அல்லது 26 டிகிரி வரை இறங்க வாய்ப்பு உண்டு. நிழலும் இருந்தால் மறுநாள் மதியம் அது 30-ஐத் தொடாமல் நிற்கும். அதைவிட முக்கியம், மீன் மூச்சுத் திணறும் அந்த அதிகாலை நேரத்தில் இதே தண்ணீர் வழிதல் பிராணவாயுவையும் சேர்த்துவிடுகிறது. ஒரே பம்பு இரண்டு வேலையைச் செய்கிறது. மின்சாரம் 11 மணி நேரத்துக்கு 0.22 யூனிட். ஐந்து நாளுக்கு ஒரு யூனிட்தான்.

ஆவியாகிக் குறையும் தண்ணீரை நிரப்ப வேண்டும். போர்வெல் தண்ணீரை மட்டுமே நிரப்பிக்கொண்டிருந்தால், ஆவியாவது சுத்தத் தண்ணீர், தங்குவது உப்பு என்பதால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒரு முறை அடித் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு நிரப்புங்கள். அந்தத் தண்ணீர் தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ நல்ல உரம்.

மின்தடை நேரத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும். அதுவும் இல்லாவிட்டால், குடத்தில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, இடுப்பு உயரத்திலிருந்து சல்லடை வழியாகத் திரும்ப ஊற்றுங்கள். அரை மணி நேரம் மாறி மாறிச் செய்து முழுத் தொட்டியையும் காப்பாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழாயில் தங்கிய தண்ணீர்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் நேரில் பார்த்த பெரிய இழப்புகளில் ஒன்று வெயிலால் நேராக வந்ததில்லை. மதியம் 2 மணிக்கு, தொட்டி சூடாக இருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் புதுத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார் ஒருவர். போர்வெல்லிலிருந்து தொட்டி வரை கறுப்பு ஹோஸ் வெயிலில் கிடந்தது. அதில் தங்கியிருந்த தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் முதலில் வந்து விழுந்தது. குஞ்சுத் தொட்டி என்பதால் தண்ணீர் அளவும் குறைவு. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

குழாயை மண்ணுக்குள் ஒரு அடி புதையுங்கள். முடியாவிட்டால் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரை வாய்க்காலில் விட்டு, கையில் தொட்டுப் பார்த்த பிறகே தொட்டிக்குத் திருப்புங்கள். நம் பகுதியில் 800, 1,000 அடி போர்வெல்கள் சாதாரணம். ஆழம் கூடக் கூடத் தண்ணீர் சில டிகிரி சூடாகவே வரும், பிராணவாயுவும் அதில் மிகக் குறைவு. அதை நேராக விடாமல், நிழலில் உள்ள ஒரு திறந்த தொட்டியில் ஒரு இரவு வைத்து, காலையில் விடுவதே சரி. திறந்த கிணறு உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

எந்த வழியில் குளிர வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு டிகிரிக்கு மேல் இறக்கக் கூடாது. திடீரென்று குளிர்ந்தால் மீன் அதிர்ச்சி அடையும், சில நாளில் உடலில் வெள்ளைப் புள்ளி நோய் தெரிய வரும். கோடை மழை கொட்டித் தீர்த்த மறுநாள் மீன் சாவதற்கும் இது ஒரு காரணம்.

தீனியும் மீன் வகையும்

தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தீனியைப் பாதியாகக் குறைத்து, காலையில் மட்டும் கொடுங்கள். மாலைத் தீனி கொடுத்தால் அதைச் செரிக்கும் வேலை இரவில் நடக்கும். பிராணவாயு குறையும் நேரமும் அதுதான். 34 தாண்டினால் அன்றைக்குத் தீனியே வேண்டாம். ஒரு நாள் பட்டினி கிடந்து எந்த வளர்ந்த மீனும் செத்ததில்லை.

எல்லா மீனும் ஒரே மாதிரி தாங்காது. கோல்டு ஃபிஷ், கோய் இரண்டும் குளிர் விரும்பிகள், 30-க்கு மேல் தளர்ந்துவிடும். கோடைக்கு முன்பே அவற்றின் எண்ணிக்கையை விற்றுக் குறைப்பது புத்திசாலித்தனம். கப்பியும் மோலியும் 32 வரை சமாளிக்கும். ஃபைட்டர், கௌராமி மீன்கள் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக் கூடியவை, அதனால் பிராணவாயுக் குறைவில் கடைசியாகத்தான் பாதிக்கப்படும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் கோடையை இந்த வகைகளோடு கடத்துங்கள்.

பாதித் தொட்டியை அசோலாவால் மூடினால் நிழலும் கிடைக்கும், மாட்டுக்கும் ஆகும். முழுவதும் மூட விட்டால் காற்று தண்ணீரில் கலக்க வழியில்லாமல் போகும். ஆகாயத்தாமரையை இதற்காக ஏரியிலிருந்து எடுத்து வருவதை நான் ஊக்குவிப்பதில்லை. தொட்டியைக் கழுவும்போது அது திரும்ப வாய்க்காலுக்கே போய்ச் சேரும்.

வீட்டுக்குள் இருக்கும் கண்ணாடித் தொட்டி, கடல் மீன் தொட்டி

வீட்டுக்குள் 50, 100 லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வெயில் பிரச்சினை இல்லை. கூரைதான் பிரச்சினை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும், மேல்மாடி மேற்குச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். தொட்டியின் மேல் மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி ஒரு சிறிய விசிறி வைத்தால் போதும். கணினிக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் விசிறி 3 வாட்தான் எடுக்கும். வறண்ட காற்றில் இதுவே தொட்டியை அறையைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக வைக்கும். தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பம்பு எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாக அந்தத் தண்ணீரிலேயே சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 100 லிட்டர் தொட்டியில் 40 வாட் பம்பு மூன்று மணி நேரத்தில் ஒரு டிகிரி ஏற்றக்கூடிய சூட்டைத் தருகிறது. தேவைக்கு மேல் பெரிய பம்பு வேண்டாம். விளக்கு எல்இடியாக இருக்கட்டும்.

இப்போது சில வீடுகளில் பிள்ளைகள் உப்புத்தண்ணீர்த் தொட்டி, பவளத் தொட்டி கேட்கிறார்கள். பெற்றோர் என்னிடம் கேட்பது, இதற்குக் குளிரூட்டும் கருவி வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று. கடல் மீன் தொட்டிக்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும். பவளம் இதில் இன்னும் மென்மையானது. 30 டிகிரிக்கு மேல் பல நாள் நின்றால், பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப் போகும். கடலிலேயே இது நடக்கிறது. 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் கடல்நீர் சூடேறிப் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. கடல் தாங்காததை நம் வீட்டு 100 லிட்டர் தொட்டி தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மீன் மட்டும் உள்ள தொட்டி என்றால் கீழ்த்தளத்து அறை, எல்இடி விளக்கு, விசிறி ஆகியவற்றோடு சமாளிக்கலாம். ஈரத்துணிச் சோதனை 25-க்குக் கீழே காட்டும் நாட்களில் கருவி தேவைப்படாது. கருவி வாங்கினாலும் அது தண்ணீரின் சூட்டை எடுத்து அதே அறைக்குள்தான் விடும். சன்னலை மூடி வைத்தால் அறை சூடாகி, கருவி ஓடிக்கொண்டே இருக்கும்.

விசிறி வைத்த உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. குறைந்த தண்ணீருக்கு உப்புத்தண்ணீரையே நிரப்புகிறார்கள். ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டும். 100 லிட்டர் தொட்டியில் தினம் 2 லிட்டர் ஆவியாகி, அதை உப்புத்தண்ணீரால் நிரப்பினால், பத்து நாளில் உப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பாறை அமைக்கும் கல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவை 2001-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கடைக்காரர் கொடுத்தார் என்பது காரணமாகாது. செத்த பவளக் கல்லை அலங்காரத்துக்கு வைப்பதும் சேர்த்துத்தான். கடல் மீன் ஆசை இருந்தால் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் அவற்றைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையில் வேலை செய்துள்ளது. இவை கடலிலிருந்து பிடித்து வந்த மீனைவிடத் தொட்டிக்கு எளிதில் பழகும்.

எந்தத் தொட்டியானாலும் ஒரு வெப்பமானி வாங்கி, காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4 டிகிரிக்கு மேல் இருந்தால் நிழல் போதவில்லை. வித்தியாசம் குறைவாக இருந்து, காலை அளவே 30-க்கு மேல் இருந்தால் இரவில் சூடு இறங்கவில்லை, திரை அமைப்பு தேவை. மீன் சாகும் பிரச்சினையோடு சேலம் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வருகிறவர்கள் அந்த நோட்டையும், அதிகாலையில் பிடித்த ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரையும் கொண்டு வந்தால் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவியாக இருக்கும்.